பதினோராம் லயத்துப் படங்கள்

மாலை 5.10. பசறையிலிருந்து மடுல்சீமைக்குப் போகும் பஸ்ஸில், ஸ்டூடியோவின் பெயர் போட்ட சட்டை அணிந்த ஒரு பெண், பக்கத்தில் இருந்த தேயிலைத் தோட்டத்துப் பெண்ணின் கையைப் பிடித்திருந்தாள்.

“அக்கா, உங்க லயத்தையே அழிச்சிட்டேன்.”

“என்ன புள்ள சொல்ற?”

“தோட்டத்துக்கு வந்து, ஒவ்வொரு லயத்து வரிசையிலயும் வீடு வீடா எடுத்தோமே, அந்தப் படங்க. கம்ப்யூட்டர்ல லயத்து நம்பர்லதான் பேரு தொடங்கும். மண்ணு மூடின ஒன்னாம் லயத்துப் படங்களை வாங்க ஆளில்ல, அழிச்சிருன்னாரு முதலாளி. 1 அடிச்சு, பின்னால ஸ்டார் போட்டேன். ஸ்டார் போட்டா, பின்னால எது இருந்தாலும் சேத்து எடுத்துக்கும். 10, 11, 12 எல்லாம் செத்தவங்களோட போயிருச்சுக்கா.”

“நாங்க பதினொன்னு.”

“தெரியும்க்கா. திங்கக்கிழமை வாங்க, சும்மாவே எடுத்துத் தாறோம்.”

“பேய்க்கு எதுக்குடி போட்டோ?” என்று சிரித்தாள். பிறகு தன் போனில் மகளின் படத்தைத் தேடி எடுத்து நீட்டினாள்.

“மத்தவங்க இருக்கட்டும். இவளை மட்டும் இப்பவே ஏத்தி வச்சிரு.”

ஸ்டூடியோப் பெண் படத்தைத் தன் போனுக்கு வாங்கிக்கொண்டாள்.

அடுத்த சந்தியில் தோட்டத்துப் பெண் இறங்கினாள். பதினோராம் லயத்துக்குப் போகும் பாதையின் தொடக்கத்தில் மண்சரிவு அபாயப் பலகை நின்றது. அதன் அடியில் சிமெந்து இன்னும் காயவில்லை.