ஒன்பதாம் வண்டியின் பாட்டில்

டம்ளர் நிறைய ஊற்ற வேண்டாம், ஐயா. பாதி போதும். சூடாகக் குடிக்கிற பழக்கம் எனக்கில்லை, அவ்வளவுதான்.

ஆயில் பற்றிக் கேட்டீர்கள். முன்பெல்லாம் குறிப்பிட்ட தூரம் ஓடியதும் பஸ்ஸின் இன்ஜின் ஆயிலை மாற்றிவிடுவோம். பிறகு முதலாளி புது முறை கொண்டுவந்தார். இன்ஜின் சூடாக இருக்கும்போதே சின்ன பாட்டிலில் கொஞ்சம் ஆயில் எடுத்து லேபுக்கு அனுப்ப வேண்டும். ஆயில் இன்னும் தாங்கும் என்று லேப் சொன்னால், மாற்றாமல் மேலும் ஓட்டலாம். நல்ல முறைதான், குறை சொல்ல மாட்டேன். பாட்டிலில் இருப்பது அந்த வண்டியின் ஆயிலாக இருக்க வேண்டும், அவ்வளவே.

அந்த ஒர்க்‌ஷாப்புக்கு நான்தான் தலைமை மெக்கானிக். என் தங்கையின் கணவனை, ஸ்பானர் பிடிக்கத் தெரியாத காலத்தில், நான்தான் அங்கே சேர்த்துவிட்டேன். கையில் ஒட்டிய கிரீஸைப் போக்குவது வரை சொல்லிக்கொடுத்தேன். ஒருநாள் முதலாளி கூப்பிட்டு, இனி மாப்பிள்ளைதான் தலைமை, நான் பாட்டில் வேலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும் என்றார். ஏன் என்று கேட்டேன்.

"உங்க மாப்பிள்ளையே வருத்தப்பட்டுச் சொன்னாரு. உங்களுக்குக் கை நடுங்குதாமே."

வெளியாள் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். முந்தின நாள்தான் என் வீட்டில், என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். என் தட்டில் அவனே பரிமாறினான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வளர்த்த கடா மார்பில் பாய்ந்தால் வலிக்காதா? இப்போதும் வலிக்கிறது, ஐயா.

மலைப்பாதையில் ஓடுவது ஒன்பதாம் வண்டி. அதன் ஆயில் கருத்துக் கூழாகியிருந்தது. அந்தப் பாட்டிலில் பக்கத்து வண்டியின் ஆயிலை நிரப்பினேன். புத்தம் புதிது என்றால் லேபுக்குச் சந்தேகம் வரும், அதனால் ஓரளவு ஓடியதாகப் பார்த்து எடுத்தேன். ரிப்போர்ட் நன்றாக வந்தது. இன்னும் ஓட்டலாம் என்று மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டான். அடுத்த தடவையும் அப்படியே. இன்ஜின் போகும், அவன் பெயர் கெடும். நான் நினைத்தது அதுதான்.

அன்று காலை வண்டியைக் கிளப்பியதுமே இன்ஜினுக்குள் பேரிங் தேய்ந்து தட்டுவது எனக்குக் கேட்டது. மலைக்கு அந்தப் பக்கம் போக என் தங்கை ஏறி உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வழியே தலையை நீட்டி, "என்னண்ணா, வண்டி ஒரு மாதிரி சத்தம் போடுது?" என்றாள்.

சொல்லியிருக்கலாம். சொன்னால் பாட்டிலைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும். மாப்பிள்ளை பக்கத்தில்தான் நின்றான்.

"ரிப்போர்ட் நல்லா இருக்கும்மா. பயப்படாம போ," என்றேன்.

மழை பெய்திருந்தது. இறக்கத்து வளைவில் இன்ஜின் இறுகி, பின்சக்கரங்கள் சுற்றாமல் நின்றுவிட்டன. வண்டி வழுக்கித் தடுப்புச்சுவரை உடைத்துக்கொண்டு கீழே போய்விட்டது. எத்தனை பேர் என்பது உங்களுக்கே தெரியும். தங்கையை நான்தான் அடையாளம் காட்டினேன்.

பிணவறை வாசலில் மாப்பிள்ளை என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதான். ரிப்போர்ட் நல்லா இருந்துச்சே மச்சான் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அப்போதுகூட, முதலாளியிடம் சொன்னதற்கு ஒரு மன்னிப்புக் கேட்கவில்லை.

இன்ஜினில் மிஞ்சிய ஆயில் ரிப்போர்ட்டோடு ஒத்துப்போகவில்லை என்று நேற்று அவனைப் பிடித்து விசாரித்தீர்கள். மச்சான் தெரிந்து செய்யமாட்டார், கை நடுக்கத்தில் பாட்டில் மாறியிருக்கும் என்று உங்களிடம் சொன்னானாம். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னான் என்கிறீர்கள். உங்களுக்கு அவனைத் தெரியாது. மறுபடியும் அதையேதான் சொல்லியிருக்கிறான். அதனால்தான் நானே வந்தேன்.

எதுவும் தவறி மாறவில்லை. தெரிந்தே நான்தான் மாற்றினேன், இரண்டு தடவையும். அந்தக் குறுகிய வாய்க்குள் ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றினேன். நடுங்குகிற கையால் முடிகிற காரியமா அது? அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அடடா, காகிதமெல்லாம் டீ ஆகிவிட்டது. மன்னியுங்கள், ஐயா. உங்கள் மேசை கொஞ்சம் ஆடுகிறது.