குடுத்தது ஒரு நிமிஷம்

...அதைத்தான் நானும் கேக்குறேன் தம்பி. வைத்தியத்துக்குப் புதுச் சட்டம், ஆயிரம் பக்கச் சட்டம்னு டி.வி.ல தொண்டை கிழியக் கத்துறானுங்களே, அதுல ஒரு பக்கத்தை முழுசாப் படிச்சவன் ஒருத்தனாவது இருக்கானா? படிச்சவன் பேசமாட்டேங்கிறான், பேசுறவன் படிக்கல. நீ பேசாத. தாடை இப்பிடி வீங்கிக் கெடக்கு, வாயத் தொறந்தா உயிர் போயிடும். அந்த ஈரத் துணியை நல்லா அழுத்திப் புடிச்சுக்கோ. தலைய மட்டும் ஆட்டு, எனக்கு அது போதும். நான் பேசிக்கிறேன்.

கூத்தைப் பாரேன். போன மாசம் இங்கதான் கால்நடைக் கண்காட்சி நடந்துச்சு. இப்ப நீ உக்காந்திருக்க பாரு, அந்தத் தடுப்புக்குள்ளதான் என் மச்சான் டெல்மரோட பன்னி நின்னுச்சு. முதல் பரிசு நீல ரிப்பன் வாங்குன பன்னி. அதுக்கு லேசா இருமல்னதும் டாக்டர் அடிச்சுப் புடிச்சு ஓடி வந்தாரு. மனுசனுக்கு? வருசத்துக்கு ஒரு தடவை, எங்கேயோ வெளியூர்லேருந்து நல்ல மனசுக்காரங்க லாரி போட்டு வந்து, வைக்கோலைக் கூட்டித் தள்ளிட்டு, பன்னி நின்ன எடத்துல நாற்காலி போட்டு ஓசில பல்லுப் புடுங்குறாங்க, கண்ணு பாக்குறாங்க. இது எந்த நாடு தம்பி? நெலாவுல ஆளை எறக்குன நாடு.

உன் நம்பர் என்ன, காட்டு... நானூத்திப் பத்தொம்பதா. என்னுது நானூத்திப் பன்னெண்டு. அப்ப எனக்குப் பின்னாடிதான் நீ. என்னுதுன்னா, என் பொண்டாட்டி வெர்லீனோடது. அவ அதோ வண்டில படுத்திருக்கா. ராத்திரி பூரா மலைப்பாதையில நான் ஓட்டிட்டு வந்தேன், நான் எங்க கண்ணசந்துடுவேனோன்னு அவ முழிச்சுக்கிட்டே வந்தா. ‘ஓர்வில், நீ போய் கேட் பக்கத்துல நில்லு. என் நம்பரைக் கூப்பிட்டா வந்து எழுப்பு. யார்கிட்டயும் பேச்சு குடுக்காத’ன்னு சொல்லிட்டுத்தான் படுத்தா. நான் யார்கிட்ட பேசப்போறேன்.

கூப்பிட்டு ஆளு இல்லன்னா அவ்வளவுதான், வேலிக்கு வெளிய நம்பர் கெடைக்காதவங்க நிக்கிறாங்கள்ல, அவங்களுக்குக் குடுத்துடுவாங்க. அது நியாயந்தான். நாட்டுல நியாயம் மிச்சம் இருக்கிறது இந்தப் பன்னிக் கொட்டாயில மட்டுந்தான். மத்தியானத்தோட மூட்டை கட்டிடுவாங்க, அப்புறம் அடுத்த வருசந்தான். பரவால்ல, இன்னும் நானூறே வரல. நேரம் கெடக்கு.

வெர்லீனுக்குக் கண்ணு. ஸ்கூல் பஸ் ஓட்டுறா அவ. இந்த மலையில பனிக்காலத்துல கூட ஒரு புள்ளைக்கு ஒரு கீறல் விழுந்ததில்ல. இந்தக் கோடை லீவுக்கு முன்னாடி கடைசி நாளு, ரோட்டோரத்துல ஒருத்தன் வீட்டுத் தபால் பெட்டியை பஸ்ஸால இடிச்சுட்டா. ‘ஓர்வில், அது அங்க இருந்ததே எனக்குத் தெரியல’ன்னா. அன்னிக்கு ராத்திரி அவ சாப்பிடல. ஒடம்புல சக்கரை. அது கண்ணுக்குப் பின்னாடி போய் என்னமோ பண்ணுதாம். கண்ணு டாக்டர் உள்ள வெளிச்சம் அடிச்சுப் பாத்தாத்தான் தெரியுமாம், சீக்கிரம் பாத்தா நிறுத்திடலாமாம். ஸ்கூல் தொறக்கப் போகுது, லைசென்ஸுக்குக் கண்ணு டெஸ்ட் எடுப்பாங்க. இன்சூரன்ஸ்காரன் என்ன சொல்றான் தெரியுமா? சக்கரை ஏற்கெனவே இருக்குல்ல, அதனால உனக்குக் கெடையாதுங்கிறான். வியாதி இருக்கிறவளுக்குத்தானடா இன்சூரன்ஸ் வேணும். குத்துக்கல்லு மாதிரி இருக்கிறவளுக்கு எதுக்கு?

நான் கேக்குறது ஒரே கேள்வி. புதுச் சட்டம் வந்தா அவளுக்குக் குடுப்பானா, மாட்டானா? ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு. இதைச் சொல்ல ஒரு பய இல்ல தம்பி இந்த நாட்டுல.

டி.வி.யப் போட்டா, திரையை நாலு கட்டமாப் பிரிச்சு நாலு தலைய வச்சிருக்கான். நாலும் ஒரே நேரத்துல பேசுது. வெர்லீன் கேக்குறா, ‘இந்த எட்டுப் பேருல யாரு பேசுறது?’ அவளுக்கு எட்டாத் தெரியுது, பாவம். ஒரு சேனல்ல, இந்தச் சட்டம் வந்தா வயசானவங்களை வரிசையா நிக்கவச்சு, இவன் இருக்கட்டும், இவ போகட்டும்னு ஒரு கமிட்டி முடிவு பண்ணுங்கிறான். இன்னொரு சேனல்ல, சட்டம் வந்துட்டா பாலும் தேனும் ஓடும், எதுத்துப் பேசுறவனெல்லாம் மலைக்காட்டு முட்டாளுங்கிறான். அந்த முட்டாளு நாமதான், வேற யாரு. நடுவுல விளம்பரம். என்ன விளம்பரம்? சக்கரை மாத்திரை. நல்லா காதுல பூ சுத்துறானுங்க.

ஹாப்டி ஆபீசுக்குப் போன் போட்டேன். நாம ஓட்டுப் போட்டு வாஷிங்டனுக்கு அனுப்பி வச்சோமே, அந்த மகராசன்தான். ஒரு பொண்ணு எடுத்துச்சு. தேன் ஒழுகுற குரலு. ‘உங்க கருத்தைப் பதிவு பண்ணிக்கிறேன் சார், சட்டத்துக்கு ஆதரவா, எதிர்ப்பா?’ நான் சொன்னேன், ‘எனக்குக் கருத்து இல்லம்மா, கேள்விதான் இருக்கு.’ ‘அப்ப எதிர்ப்புன்னு போட்டுக்கவா சார்?’

சிரிக்காத, தாடை வலிக்கும்.

நேத்து அவனே இங்க வந்திருந்தான்லப்பா. சாயங்கால நியூஸ்ல காட்டுனானே, நீ பாக்கல? புது பூட்ஸு, கையை மடிச்சு விட்ட சட்டை, என்னமோ கரிச் சுரங்கத்துலேருந்து இப்பத்தான் ஏறி வந்தவன் மாதிரி. அவங்கப்பன் இன்சூரன்ஸ் ஏஜென்ட்டு. பல்லுப் புடுங்குற நாற்காலில இருந்த ஒரு பொம்பளையோட போட்டோ எடுத்துக்கிட்டான். அவளுக்கு மரத்துப்போன வாயி, எச்சி ஒழுகுது, இவன் அவ தோள்ல கைய வச்சுக்கிட்டு இளிக்கிறான். அவன் பல்லைப் பாக்கணுமே நீ. வெள்ளை வெளேர்னு, ஒண்ணு கூடக் கோணல் இல்ல. அவனுக்கு அரசாங்கம் குடுக்குற இன்சூரன்ஸ்ல மின்னுற பல்லு தம்பி அது. வைத்தியத்துல அரசாங்கம் தலையிடக் கூடாதுன்னு அந்தப் பல்லை வச்சுக்கிட்டுத்தான் சொல்றான்.

அவன் கட்சி அப்பிடின்னா இன்னொரு கட்சிக்காரன் என்ன ஒழுங்கா? அவன் வாயத் தொறந்தா வரலாறு, சரித்திரம். ‘விவாதம் ஆரோக்கியமா நடக்குது’ங்கிறான். விவாதந்தான்டா ஆரோக்கியமா இருக்கு, அதுக்கு மட்டுந்தான் சக்கரை இல்ல.

என்ன, எதுக்குச் சட்டையப் புடிச்சு இழுக்குற? வலி ஜாஸ்தியாயிடுச்சா? பொறுத்துக்கோ, முன்பல்லா கடவாயா... கடவாய்தான் கஷ்டம். துணியைத் திருப்பிப் போட்டுக்கோ, அந்தப் பக்கம் குளிர்ச்சியா இருக்கும்.

யாரு அந்தப் பொண்ணு, ஆரஞ்சுச் சட்டைய மாட்டிக்கிட்டு ஓயாமக் கத்திக்கிட்டு? ஒலிபெருக்கி கெட்டுப் போச்சாம். இங்கயும் கத்தல், டி.வி.யிலயும் கத்தல். ரெண்டு மனுசன் நிம்மதியா ஒரு விஷயம் பேசிக்க முடியல.

அந்தா பாரு, வேலிக்கு வெளிய நின்ன பொண்ணு, கொழந்தையத் தூக்கிட்டு உள்ள ஓடுறா. கொழந்தைக்குக் காதுல சீழு போல, காலைலேருந்து அழுதுக்கிட்டே இருந்துச்சு. எவனோ வராத ஆளோட எடம் கெடைச்சிருக்கும். நல்லா இருக்கட்டும். எவனுக்கோ பொறுப்பு இல்ல, இவளுக்கு அதிர்ஷ்டம்.

எங்க விட்டேன்... ஆங், கூட்டம். ஹாப்டி, ஹைஸ்கூல் வெளையாட்டு ஹால்ல மக்களைச் சந்திக்கிறான்னு கூட்டம் போட்டான்ல. வெர்லீன் சொன்னா, ‘ஓர்வில், நேருக்கு நேரா கேட்டுடு, பதில் சொல்லாம எங்க போவான்.’ அவளே சொல்லிக் குடுத்தா: ‘என் பொண்டாட்டிக்குச் சக்கரை, ஸ்கூல் பஸ் ஓட்டுறா, புதுச் சட்டத்துல அவளுக்கு உண்டா இல்லையா. இவ்வளவுதான் கேக்கணும். வேற எதையும் இழுக்காத.’ வண்டில போறப்பவே ரெண்டு மூணு தடவை சொல்லிப் பாத்தேன். மூச்சு விடுறதுக்குள்ள முடிஞ்சிடும்.

அங்க போனா திருவிழாக் கூட்டம். ஒரு கூட்டம் ‘படி, படி, சட்டத்தைப் படி’ன்னு கத்துது, இன்னொரு கூட்டம் ‘இப்பவே வேணும்’னு கத்துது. ஒருத்தன் சுதந்திரப் போர்க்காலத்து முக்கோணத் தொப்பி போட்டுக்கிட்டு மணி அடிக்கிறான். டி.வி. கேமரா பூரா அவன் மேலதான். சீட்டுக் குலுக்கிப் போட்டு, வந்தவனுக்கு ஆளுக்கு ஒரு நிமிஷம். எத்தனை நூறு பேரு, அதுல என் சீட்டு வந்துச்சு தம்பி. வெர்லீன் என் கையைப் புடிச்சு அழுத்தினா.

மைக்கை நிறுத்திட்டானுங்க. கேள்வி கேக்க விடல. பேச்சுச் சுதந்திரமாம், பேச்சுச் சுதந்திரம். வாயப் பொத்தி உக்கார வச்சுட்டானுங்க. அன்னிக்கு ராத்திரி நியூஸ்ல என் மொகத்தைக் காட்டுறான், வெரலை ஆட்டிக்கிட்டு நிக்கிறேன், கீழ எழுத்து ஓடுது, ‘மலை மக்கள் கொந்தளிப்பு’ன்னு. நான் எங்கடா கொந்தளிச்சேன்? நான் சொன்னது என்ன? ‘ஐயா, என் பேரு ஓர்வில் ஸ்டிடம், முப்பது வருசம் கரி லாரி ஓட்டுனவன், நீங்க சொன்ன நேரத்துக்கு வரல, நாங்க வெயில்ல நின்னோம்’னேன். அது உண்மைதானே? ‘முன்வரிசை நாற்காலியெல்லாம் உங்க ஆளுங்களுக்கு ஒதுக்கிட்டு, எங்களை ஏன் பின்னாடி மேல் படிக்கட்டுல ஏத்தி உக்கார வச்சீங்க’ன்னேன். அதுவும் உண்மை. அந்தத் தொப்பிக்காரனைப் பாத்து, ‘மணி அடிக்கிறதை நிறுத்துடா’ன்னேன். அப்புறம் கேமராக்காரனைப் பாத்து ரெண்டு வார்த்தை. அப்புறம்... அதுக்குள்ள நிமிஷம் முடிஞ்சு போச்சுன்னு ஒரு பையன் மைக்கைப் புடுங்கிட்டான். ஒரு நிமிஷத்துல மனுசன் எதைப் பேசுறது, சொல்லு. முன்னுரை வேணாமா?

 திரும்பி வந்து வீட்டு வாசல்ல வண்டிய நிறுத்தினதும் வெர்லீன் கேட்டா, ‘அவரு என்ன பதில் சொல்லியிருப்பாரு, ஓர்வில்?’ அவ்வளவுதான் கேட்டா. திட்டியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்.

அதான் இங்க கூட்டிட்டு வந்தேன். அவனுங்க சட்டம் போடட்டும், போடாமப் போகட்டும். என் பொண்டாட்டி கண்ணை நான் காப்பாத்திக்கிறேன். நீ திரும்பவும் இழுக்குற சட்டைய. என்னன்னு சொல்லு... வேணாம் வேணாம், பேசாத, வெரலால காட்டு. அந்த டி.வி. வேனா? அதைத்தான் காட்டுறியா? பாத்தேன் பாத்தேன். காலைல அதுல வந்த பொண்ணு மைக்கை என் மூக்குக்கு நேரா நீட்டுச்சு. ‘நீங்க சட்டத்துக்கு ஆதரவா, எதிர்ப்பா?’ நான் சொன்னேன், ‘என் பொண்டாட்டி கண்ணு...’ அவ்வளவுதான் சொன்னேன், நன்றின்னுட்டு நகந்துடுச்சு. கண்ணுல என்ன நியூஸ் இருக்கு. ஆனா நான் விடுவனா? பின்னாடியே போயி, ஒங்க பொழப்பு என்ன பொழப்புன்னு நல்லா...

ஏன் எந்திரிக்கிற? பல்லு வலிக்கு நடந்தா ஆகாது, உக்காரு. கேட்டுலயா? ஆமா, அந்த ஆரஞ்சுச் சட்டைப் பொண்ணு என்னமோ கத்துது. நானூத்தி... பத்தொம்பதா? பத்தொம்பதுன்னா அது உன்னுதுதானே. இரு, இரு, அது எப்பிடி? நான் பன்னெண்டு. எனக்குப் பின்னாடிதானே நீ. தப்பாக் கூப்பிடுறாங்க, இதுலயும் குளறுபடி, ஒரு எடத்துலயாவது வேலையை ஒழுங்காச்...

நீ அதுக்குத்தான் சட்டைய இழுத்தியா?

அந்தப் பொண்ணு கத்தினது... கேட்டுச்சு தம்பி. எனக்குக் கேட்டுச்சு. ரெண்டு தடவை கேட்டுச்சு. யாரோ கத்துறாங்கன்னு நான் பாட்டுக்கு...

திரும்பக் கூப்பிடுவாங்கள்ல? கடைசியில ஒரு தடவை... தலைய அப்பிடி ஆட்டாத. அந்த எடம் யாருக்குப் போச்சு? கொழந்தையத் தூக்கிட்டு ஓடினாளே, அவளுக்கா?

சரி. சரி. அவளை ஒண்ணும் சொல்றதுக்கில்ல.

நீ போ தம்பி, நிக்காத, உன் நம்பரும் போயிடும். என்னது, உன் சீட்டை எதுக்கு நீட்டுற? வச்சுக்கோ. அந்தத் தாடையோட ஒரு வருசம் தாங்குவியா நீ? போ.

அய்யோ, எந்திரிச்சுட்டா. அந்தா வர்றா பாரு, நீலச் சட்டை, வண்டியெல்லாம் ஒண்ணொண்ணாத் தொட்டுக்கிட்டு வர்றா. இந்தப் பக்கந்தான் பாக்குறா. ஆனா நான் நிக்கிறது அவளுக்குத் தெரியாது. இவ்வளவு தூரத்துல எல்லாரும் ஒரே மாதிரிதான் அவளுக்கு. கூட்டத்துல என் குரலை வச்சுத்தான் கண்டுபுடிப்பா. எங்க இருந்தாலும் நீ பேசிக்கிட்டேதான் இருப்ப ஓர்வில், உன்னைத் தொலைக்கவே முடியாதும்பா.

நின்னுட்டா. காது குடுத்துக் கேக்குறா. நான் ஏதாவது சொல்லணும் தம்பி. வாயே வரமாட்டேங்குது.