கறுத்த கூடுகள்

வீட்டில் கறிவேப்பிலைச் செடி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும் ஐயா. இலைமேல் குருவி எச்சம் போல ஏதாவது ஒட்டியிருந்தால் அவசரப்பட்டுத் தட்டிவிடக் கூடாது. அது வண்ணத்துப்பூச்சியின் புழுவாக இருக்கும்.

என் மனைவி தேவகிதான் அதை முதலில் கண்டுபிடித்தாள். அது எழுபத்து நான்காம் வருடம் ஆடி மாதம். கல்யாணமாகி ஒன்பது வருடம் எங்களுக்குப் பிள்ளையில்லை. மலைக்கு நாங்கள் எடுக்காத காவடியில்லை. நான் வாரம் ஆறு நாள் பொதட்டூர்பேட்டையில் தங்கிக் கூலிக்குத் தறி ஓட்டுபவன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் திருத்தணி வீட்டில் இருப்பேன். தனியாகக் கிடந்தவளுக்கு அந்தப் புழுக்கள் துணையாயின. ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, வாயை லுங்கித் துண்டால் கட்டி, வேளைக்கு வேளை தளிர் கிள்ளிப் போடுவாள். ஒரு ஞாயிறு காலையில் முதல் கூடு திறந்து, வண்ணத்துப்பூச்சி அவள் விரலில் ஏறி உட்கார்ந்தது. இருவருமே அழுதுவிட்டோம். அவ்வளவு சந்தோஷமாக நாங்கள் இருந்ததே இல்லை.

நஷ்டமும் உண்டு. எறும்பு தூக்கிப் போகும். ஈர இலையைத் தின்று புழு கழிந்து சாகும். ஐப்பசியில் கறுத்துப்போன ஒரு கூட்டிலிருந்து குளவி வந்தது. பக்கத்துத் தெரு சிவப்பிரகாசம் சார், பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் எடுப்பவர், பார்த்துவிட்டு விளக்கினார்.

"குளவி முட்டை வெச்சுட்டுப் போயிடும்பா. புழு அதத் தன்னுதுன்னு சுமந்துகினு திரியும்."

அன்று முதல் கறுத்த கூடு எதைக் கண்டாலும் அடுப்பில் போட்டேன். தேவகி கையைப் பிடித்துத் தடுப்பாள். அவள் என் மாமன் மகள், என்னைப் பாவா என்றுதான் கூப்பிடுவாள்.

"வேணாம் பாவா. நல்ல கூடுங்கூடத் தொறக்கறதுக்கு முன்னாடி கறுக்குமாம். சார் சொன்னாரு. ஒரு நாள் பொறுத்துப் பாருங்க."

குளவியைப் பார்த்த அந்த ஒரு நாளுக்குப் பிறகு சார் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து நான் பார்த்ததில்லை. எந்தக் கிழமையில் வந்து சொன்னார் என்று யோசித்துக்கொண்டே கூட்டை அடுப்பில் போட்டேன்.

தை மாதம் தேவகி முழுகாமல் இருப்பது தெரிந்தது. தெருவில் எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தேன். அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை, ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. கேட்டால் அவள் பொய் சொல்ல வேண்டிவரும். அந்தக் கஷ்டத்தை அவளுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

"எட்டி ஒதைக்குது பாவா, கைய வெச்சுப் பாருங்க" என்று ஒருநாள் சிரித்தாள். வைத்தேன். உதைத்தது. என்னுடையதாக இருந்தால் என் கைக்குத் தெரிந்திருக்கும்.

சித்திரை இரண்டாம் ஞாயிறு காலை பத்து மணிக்குச் செடிக்குத் தண்ணீர் சேந்தக் கிணற்றில் குனிந்தாள். பின்னாலிருந்து இரண்டு காலையும் பிடித்துத் தூக்கிவிட்டேன். வயிற்றுப்பிள்ளைக்காரியாக இருந்தும் லேசாகத்தான் இருந்தாள்.

"பாவா, கயிறப் போடுங்க" என்று உள்ளிருந்து கூப்பிட்டாள். கால் வழுக்கி விழுந்ததாகத்தான் நினைத்திருப்பாள். நான் கயிறைச் சுருட்டி ஓரமாக வைத்தேன். சத்தம் நின்ற பிறகு தெருவைக் கூப்பிட்டேன்.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. எடுத்துப்போட்டு, எரித்து, ஆறுதலும் சொல்லிவிட்டுப் போனார்கள். மறுநாள் காலை அவளுடைய பாட்டிலைப் பார்த்தேன். முந்தின நாள் கறுத்திருந்தும் நான் அடுப்பில் போட மறந்த கூடு திறந்திருந்தது. வந்தது குளவியில்லை. நல்ல வண்ணத்துப்பூச்சி, சிறகில் ஒரு குறையில்லை.

அதைப் பார்த்த பிறகு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அதனால்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன். பதினோரு கூடுகளை அடுப்பில் போட்டிருக்கிறேன். அதில் எத்தனை நல்லதோ தெரியாது. அதில் அவசரப்பட்டுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். தேவகி விஷயத்தில் நான் அவசரப்படவில்லை ஐயா. மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துத்தான் செய்தேன்.