உள்ளூர்க்காரர் மாதிரி வருகிறவர்களுக்கு மட்டும்

— பாதை இல்லன்னா இல்லதான், கொரீன் அத்தை. ஓட்டல்காரங்க சுவர் எழுப்பி, கேட் போட்டு, காவலுக்கு என்னையும் நிறுத்திட்டாங்க.

— அடேய் டெய்ட்டன், என் தம்பி உன்னை இடுப்புல வச்சுத் தூக்கிட்டு வந்ததே இந்தப் பாதையிலதான்டா. அறுபது வருஷமா விடிஞ்சதும் கடல்ல முங்கி எந்திரிச்ச உடம்பு இது. பத்து நாளா முங்கல, முட்டி ரெண்டும் பூசணிக்காயா வீங்கிக் கிடக்கு.

— பார்படாஸ்ல கடற்கரை எல்லாருக்கும் பொதுதான். யார் இல்லேன்னது? அங்க போற வழிதான் பொது இல்ல.

— அப்ப நான் வானத்துலேருந்து குதிக்கணுமா?

— கடல் வழியா நீந்தி வந்தீங்கன்னா நான் தடுக்கவே முடியாது, அத்தை. சட்டம் அப்படி. கொஞ்சம் தள்ளி நில்லுங்க. குட் மார்னிங் சார், வாங்க மேடம். இதான் வழி, நேராப் போங்க.

— அவங்க யாருடா? ஓட்டல்ல தங்கியிருக்கறவங்களா?

— அதெல்லாம் இல்ல. மீன்காரி வீட்டு மாடியில மலிவா ரூம் எடுத்திருக்காங்க. பன்னுக்குள்ள மீன் வச்சுத் தின்னுட்டு, மூணரை டாலர் பஸ்ல வந்து இறங்கறாங்க. செலவில்லாம உள்ளூர்க்காரங்க மாதிரியே ஊர் சுத்தறது எப்படின்னு ஒரு புத்தகம் வச்சிருக்காங்க. அதுல இந்தப் பாதையைப் போட்டிருக்கு. அவங்களை மறிச்சா ஓட்டல் பேரு கெட்டுப்போகும்னு மேனேஜர் சொல்றாரு.

— நானும் மீனும் பன்னும் தின்னுட்டு அதே பஸ்லதான்டா வந்தேன்.

— நீங்க உள்ளூர்க்காரங்க, அத்தை. உள்ளூர்க்காரங்க மாதிரி வர்றவங்களைத்தான் விடச் சொல்லியிருக்கு.

— இப்படிப் பேசத்தான் உன் அப்பன் வாயைக் கட்டி வயித்தைக் கட்டி உன்னைப் படிக்க வச்சானா?

— என்ன சார், போன வேகத்துல திரும்பிட்டீங்க?

— அங்க யாருமே இல்லையே, தம்பி. விடியக்காலைல ஊர் ஜனங்களோட சேர்ந்து குளிக்கலாம்னு புத்தகத்துல எழுதியிருக்கு. வந்து பார்த்தா ஒரு ஈ காக்கா இல்ல. இதைப் பத்தி நாங்க நாலு இடத்துல எழுதத்தான் போறோம்.

— ஒரு நிமிஷம் சார், மேனேஜர்கிட்ட கேட்டுச் சொல்றேன். ஹலோ, ஐயா... கடல்ல உள்ளூர் ஆள் யாரும் இல்லைன்னு கோவிச்சுக்கறாங்க... ஒரு அம்மா இருக்காங்க, இங்க கேட்லயே நிக்கறாங்க... அறுபத்தெட்டு... பேசுவாங்க ஐயா, அதுல ஒரு குறையும் இல்ல... சரிங்க. அத்தை, உங்களுக்கு யோகம்தான். உங்களை வேலைக்கு எடுத்துக்கறாராம். தினம் காலைல கரையில இருக்கணும், வர்றவங்களோட பேசணும். அவ்வளவுதான்.

— சம்பளம் கிம்பளம் எனக்கு எதுக்குடா. முங்கி எந்திரிக்க விட்டாப் போதும். கேட்டைத் திற.

— திறந்தாச்சு, போங்க... அத்தை, அத்தை, நில்லுங்க. ஐயா இன்னொண்ணு சொல்றாரு. ஓட்டல் வேலையாட்கள் யாரும் கடல்ல கால் நனைக்கக் கூடாதாம்.