ரேடியேட்டரில் வைத்த கை

ரிக் வண்டி கம்ப்ரசர் எஞ்சினுக்குப் பதினைந்து நாற்பது ஆயில்தான் சரி. இதில் எனக்கு யாரோடும் சண்டை இல்லை ஐயா. செத்துப்போன தனசேகரும் அதையேதான் சொன்னான். எங்களுக்குள் தகராறு, எஞ்சின் சூட்டைத் தணிக்க ரேடியேட்டரில் ஊற்றுகிற கூலன்ட்டில்தான் வந்தது. நீங்கள் எழுதி வைத்திருக்கும் தாளில் கூலன்ட் என்ற சொல்லே கிடையாது. அதனால்தான் கூப்பிடாமலே ஸ்டேஷனுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் அர்த்தநாரி. திருச்செங்கோட்டில் நவநீதகிருஷ்ணன் முதலாளிக்கு மூன்று ரிக் வண்டிகள், ஊர் ஊராகப் போய்ப் போர்க்கிணறு போடுகிற வண்டிகள். இருபத்திரண்டு வருடமாக அந்த எஞ்சின்களுக்குள் எது போகலாம், எது போகக் கூடாது என்று சொன்னவன் நான். புது ஆயில் கேனைத் திறந்து ஒரு சொட்டை விரலில் தேய்த்துப் பார்ப்பேன். 'ஊத்து' என்றால் ஊற்றுவார்கள். ரேடியேட்டருக்கு எங்கள் யார்டில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் காட்டில் போர் போட்டாலும், தெளிந்து வருகிற முதல் தண்ணீரில் ஒரு குடம் பிடித்து அதில் ஊற்றுவோம். பூமி கொடுத்ததில் எஞ்சினுக்கும் ஒரு வாய். அதோடு பச்சை கூலன்ட் கொஞ்சம் சேர்ப்பேன்.

போன தை மாதம் தனசேகர் வந்தான். டிப்ளமோ படித்தவன், முப்பது வயது. மெயின்டனன்ஸ் முழுவதையும் முதலாளி அவன் கையில் கொடுத்தார். பிழைக்க வந்தவன் பிழைத்துவிட்டுப் போகட்டும் என்றுதான் இருந்தேன். அவனோ அண்ணா அண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டே என் காலுக்குக் கீழே தோண்டினான். ஓடின ஆயிலைச் சின்னப் புட்டியில் பிடித்துக் கோயம்புத்தூருக்குப் பரிசோதனைக்கு அனுப்பினான். ரிப்போர்ட் வந்ததும், எல்லோரும் டீ குடிக்கிற நேரம் பார்த்து, முதலாளி முன்னால் நின்று வாசித்தான்.

"போர்த்தண்ணி உப்புங்க. எஞ்சினுக்குள்ள லைனர்ல குழி குழியா உழுந்து, ஆயில்ல தண்ணி எறங்கியிருக்குதுங்க. இனிமேலு ரெடியாக் கலந்து வர்ற செவப்பு கூலன்ட்டு மட்டுந்தானுங்க. அண்ணன் மேல தப்பில்லீங்க, அது அந்தக் காலத்து வேலை."

முதலாளி தலையை ஆட்டினார். ரிக் ஓட்டுகிற கதிர்வேல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அவனுக்கு ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே நான்தான். வயிறு எரிந்தது ஐயா. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

அடுத்த வாரம் ஒரு வண்டி தம்மம்பட்டிக்குக் கிளம்ப இருந்தது. அதன் ரேடியேட்டரில் சிவப்பு கூலன்ட்டில் பாதியை இறக்கிவிட்டு என் பச்சையை ஊற்றினேன். இரண்டும் நல்ல சரக்குதான். அந்த இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் கூழாகித் திரண்டு குழாயை அடைக்கும். எஞ்சின் சூடாகும், எல்லோரும் அவன் கூலன்ட்டைத் திட்டுவார்கள். நான் நினைத்தது அவ்வளவுதான். ஆனால் சூடு ஏறினால் எஞ்சினைத் தானாக நிறுத்துகிற சென்சார் ஒன்று இருக்கிறது. சும்மா நின்றுபோனால் யார் திட்டப் போகிறார்கள்? அதைக் கழற்றிவிட்டு, கழித்துப் போட்டிருந்த பழைய சென்சாரை மாட்டினேன். உள்ளே கொதித்தாலும் அது அறுபதுக்கு மேல் காட்டாது.

தம்மம்பட்டிக்குத் தனசேகர் என்னையும் கூட்டிப்போனான். "வாங்கண்ணா, பாத்துக் கத்துக்கலாம்" என்றான். என்னிடம் சொன்னான் ஐயா, கற்றுக்கொள்ளலாம் என்று.

மரவள்ளிக் காட்டில் வண்டி ஓடியது. "புதுக் கூலன்ட்டு ஊத்துனதுலருந்து முள்ளு அறுவதத் தாண்டறதில்லீங்க" என்று கதிர்வேல் கத்தினான். எண்பதுக்குக் குறையாமல் ஓட வேண்டிய எஞ்சினில் அறுபது காட்டினால் மெக்கானிக்குக்குச் சந்தேகம் வர வேண்டும். தனசேகருக்குப் பெருமை வந்தது. பெண்டாட்டி ஜோதிக்குப் போன் போட்டுச் சொல்லிக்கொண்டான்.

நானூறு அடியில் எஞ்சின் திணறியது. நிறுத்தினார்கள். கொஞ்ச நேரம் பொறுத்து அவன் ரேடியேட்டர் பக்கம் ஏறினான். மூடியில் கையை வைத்தவன், திருகாமல் நின்றான். என் பக்கம் குனிந்து, மெதுவாகத்தான் பேசினான்.

"அண்ணா, முள்ளு அம்பதுக்கு எறங்கிருச்சு. ஆனா எனக்கென்னமோ நம்பிக்கையில்ல. ஒருக்கா கைய வெச்சுப் பாருங்க. நீங்க சொன்னாச் சரிதானுங்க."

இதைச் சத்தமாகச் சொல்லியிருந்தால் எனக்கு அதுவே போதும், அவன் இன்றைக்கு உயிரோடு இருப்பான். நான்கு பேர் காதில் விழச் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை.

உள்ளங்கையை ரேடியேட்டரில் அழுத்தினேன். தோல் ஒட்டிக்கொண்டது. முகத்தை மாற்றாமல் மூன்று எண்ணும்வரை வைத்திருந்தேன். "ஆறிப்போச்சு சாமி, தெற" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. சொல்லிவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன்.

மூடி பறந்தது. கொதித்த தண்ணீர் முகத்திலும் மார்பிலும் அடித்தது. அவனை வண்டியில் ஏற்றிச் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். நான் பின்தங்கி, நல்ல சென்சாரைத் திரும்ப மாட்டிவிட்டு ரேடியேட்டரைச் சுத்தமாகக் கழுவினேன். என் கையில் கிளம்பிய கொப்புளத்தைப் பார்த்து, அவனைத் தூக்கும்போது சுட்டது என்று எல்லோரும் நம்பினார்கள். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தான். "அண்ணன ஒண்ணும் சொல்லாதீங்க, அவரு வேணும்னு பண்ணுல" என்று ஜோதியிடம் சொல்லிவிட்டுத்தான் செத்தான். அப்போதும் எனக்குப் பரிந்து பேசுகிற ஆள் அவன்தான்.

கொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. கொஞ்சம் வெந்தால் வாய் அடங்கும் என்று நினைத்தேன். நீங்கள் விபத்து என்று எழுதி மூடிவிட்டீர்கள். அதோடு போயிருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். ஆனால் நேற்று யார்டில், நான் இருக்கிறேன் என்றுகூடப் பார்க்காமல், கதிர்வேல் முதலாளியிடம் சொல்கிறான்: "அர்த்தநாரியண்ணனுக்குக் கை மரத்துப்போச்சுங்க. சூடே தெரியறதில்ல. அதான் அன்னிக்கி அப்பிடிச் சொல்லிட்டாரு."

முதலாளி என்னைப் பாவமாகப் பார்த்தார். "ஊட்லயே இருந்துக்குங்க" என்றார்.

என் கை மரத்துப்போகவில்லை ஐயா. தொட்டதுமே தெரிந்தது, உள்ளே நூற்றுப் பத்துக்கு ஒரு டிகிரி குறையாது. அதை முதல் வரியாகப் போட்டு எழுதுங்கள்.