பதினேழாவது வரி

அங்கதாங்க எல்லாரும் தப்பு பண்றாங்க. இந்த மெசேஜ் ஆப் வந்துதான் குடும்பத்துல பேச்சு செத்துப்போச்சுன்னு நீங்களும் சொல்றீங்க. தேதியைக் கொஞ்சம் திருத்திக்கங்க. எங்க வீட்டுல பேச்சு செத்து ஆறு வருஷமாச்சு. ஆப் வந்து ஒன்றரை வருஷம்தான். கொலை நடந்தப்போ அது ஊர்லயே இல்ல. அது மேல பழி போடக்கூடாது.

சொல்லப்போனா அது வந்தப்புறம்தான் நானும் என் சம்சாரமும் நாலு வார்த்தை எழுதிக்கவே ஆரம்பிச்சோம். நான் முன் ரூம்ல, அவ சமையல்கட்டுல. நடுவுல பதினோரு அடி. மோட்டாரை நிறுத்துங்கன்னு வரும், நிறுத்துவேன். குரல் ஒசராது, பாத்திரம் உருளாது. பக்கத்து வீட்டுக்காரங்களுக்குத்தான் பொழுதுபோக்கு போச்சு. கோவத்துல அடிச்சதை அனுப்புறதுக்கு முன்னாடி அழிச்சிடலாம். வாயால சொன்னதை அப்படித் திருப்பி முழுங்க முடியுமா? உங்களையே அதுலதானே கூப்பிட்டேன், எட்டு நிமிஷத்துல பூட்டு திறக்கிற பெட்டியோட வந்து நிக்கிறீங்க.

சாவியா? இருக்கே. இதோ, பாக்கெட்ல. அட, கோவிச்சுக்காதீங்க. சாவி தொலைஞ்சுபோச்சுன்னு நான் எழுதினேனா? கதவு திறக்கலைன்னுதான் எழுதினேன். எடுத்துப் பாருங்க, அனுப்பின நேரத்தோட இருக்கும்.

ஆமாங்க, உள்தாழ்ப்பாள். ஆமா, அவதான் போட்டிருக்கா. உள்ளதான் இருக்கா.

தட்டலாம். தட்டினா யாருன்னு கேப்பா. அப்புறம் நான் வாயைத் திறந்து ஏதாவது சொல்லியாகணுமே.

அந்த ஆப்புல இருக்கிற கோளாறு என்னன்னு சொல்றேன், கேளுங்க. பார்த்ததுக்கும் படிச்சதுக்கும் அதுக்கு வித்தியாசம் தெரியாது. நான் அச்சாபீஸ்ல புரூஃப் பாக்குறவன். நாள் பூரா அடுத்தவன் எழுதினதை அடிக்குறிப்பு வரைக்கும் ஒரு புள்ளி விடாம படிக்கணும். அதுக்கு மேல வீட்டுலேருந்து நீளமா ஏதாவது வந்தா, மேல ரெண்டு வரி பார்ப்பேன், கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுற அந்தப் படத்தைத் தட்டிவிடுவேன். சரி, ஆகட்டும்னு அர்த்தம். அந்த ஒத்த விரல்லதான் எங்க குடித்தனம் நின்னுச்சு.

இன்னிக்குக் காலையிலயும் ஒண்ணு வந்துச்சு. மொத்தம் இருபத்திரண்டு வரி. கேஸ் சிலிண்டர்ல ஆரம்பிச்சு, குழாய் ஒழுகுறது, அவ அக்கா போன்ல அழுததுன்னு போவுது. சிலிண்டரோடயே நான் விரலைத் தூக்கிட்டேன். பதினேழாவது வரியை சாயங்காலம்தான் படிச்சேன், பஸ்ல வர்றப்போ. அவ வயித்துல இருக்கிற கட்டிக்கு டெஸ்ட் ரிசல்ட் வந்துடுச்சாம். ரெண்டு பேருமா வாங்கன்னு டாக்டர் சொன்னாராம். பதினோரு மணிக்கு வந்துடுவீங்களா, தனியா உள்ள போக பயமா இருக்குன்னு கேட்டிருக்கா.

வந்துடுறேன்னு நான் சொல்லியிருக்கேன். விரலால.

ஒரு மணி வரைக்கும் ஆஸ்பத்திரி பெஞ்சுலயே உக்காந்திருந்தாளாம். அப்புறம் தனியாத்தான் உள்ள போனாளாம். மத்தியானம் ரெண்டே வரியில அதையும் எழுதியிருக்கா.

நல்ல கட்டியா, கெட்டதான்னா? தெரியலைங்க. அவளுக்குத் தெரியும். டாக்டர் என்னதான் சொன்னாருன்னு இந்தப் படியில உக்காந்துக்கிட்டு ஏழு தடவை எழுதிட்டேன். ஏழாவதுக்குப் பதில் வந்துச்சு. கட்டைவிரல்.

ஐயோ, என்னங்க நீங்க, கதவைத் தட்டிட்டீங்களே! இருங்க... வர்றா. செருப்புச் சத்தம் கேக்குது. தாழ்ப்பாளை எடுக்குறா.

உங்களுக்குத்தாங்க. தண்ணி நீட்டுறா பாருங்க, வாங்கிக்கங்க.

சாத்திட்டா. தாழ்ப்பாளும் போட்டுட்டா.

குடிங்க.