அந்தக் கல்லு மேல நிக்காதீங்க

அய்யய்யோ, அங்க வேணாம் சார். அந்த ஒடஞ்ச கல்லு மேல மட்டும் நிக்காதீங்க, இப்படி தூணாண்ட வந்துடுங்க. ஏன்னா… அது ஆடுது சார், அதான். நீங்க விழுந்து வெச்சா எங்களுக்குப் பேஜாரு. அந்தப் பெயிண்ட் டப்பாவையும் கொஞ்சம் கீழ வைங்க. செவுரு எங்கயும் ஓடிடாது, அப்புறமா கோடு போட்டுக்கலாம்.

நானா? அக்தர் பானு. பின்னாடி தகர ஷீட்டு போட்ட வீடு நம்மளுதுதான். ஷூ கம்பெனில தைக்கிறேன். ஆமா, முஸ்லிம்தான், அதுக்கு இன்னா? இந்தப் பழைய சர்ச்சு சாவி எங்க கிட்டதான இருக்குது. ஹைவே மேல புதுசா சர்ச்சு கட்டிக்கினு எல்லாரும் கெளம்பினப்ப, பாஸ்டரு சாவிய என் கையில குடுத்துட்டு, பாம்பு கீம்பு வந்தா பாத்துக்கோம்மான்னாரு. பாம்பு கிட்ட நான் போயி இன்னா பேசறது, சொல்லுங்க.

தெரியும் சார். எடத்த வாங்கினவரு தோல் குடோன் போடறாரு. ரோடு இந்தப் பக்கம் வந்துடுச்சு, லாரி உள்ள வரணும், அதுக்கு இந்த வளைஞ்ச செவுத்த எடுக்கணும். வேணாம் சார், எடுக்காதீங்க. ஏன்னு கேக்காதீங்க. பாத்தீங்களா, கேக்கறீங்க. சரி, பழைய கட்டடம் சார், அதான்.

எவ்ளோ பழசா? கட்டினது தாத்தா காலத்துக்கு முன்னாடிதான். ஆனா மாடல் ரொம்பப் பழைய மாடலு. ஒரு வெள்ளக்காரப் பாதிரி, அவரு ஊர்ல ராஜா காலத்துல கட்டின சர்ச்ச நெனச்சு நெனச்சு ஏங்கி, அதே மாதிரி இங்க கட்டிட்டாராம். நிமிந்து பாருங்க, கூரை ஏன் இவ்ளோ செங்குத்தா இருக்குது? பனிக்கட்டி கொட்டினா சறுக்கிப் போறதுக்காம். இந்த ஊர்ல! மே மாசம் வாங்க, காக்காதான் சறுக்கினு போகும். ஜன்னலு பாருங்க, ஒடம்ப ஒருக்களிச்சாத்தான் காத்தே உள்ள வர முடியும். வெளிய செவுத்துக்கு முட்டுக் குடுத்து வெச்சிருக்காங்களே, குடிச்சுட்டு நிக்கறவன தோஸ்த்துங்க தாங்கிப் புடிச்ச மாதிரியே இல்ல? மேல மழத்தண்ணி வழியற எடத்துல ஒரு கல்லு மூஞ்சி வாயத் தொறந்துனு இருக்கும், அது எங்க சூப்பர்வைசரேதான். மழ வந்தா அவரு துப்புவாரு, நான் கைதட்டுவேன்.

சிரிக்கிறீங்க. ஆனா பிரஷ்ஷு மட்டும் கைய விட்டு எறங்க மாட்டேங்குது.

அவரா? எங்க வீட்டுக்காரரு, அப்துல் கஃபார். அந்தக் கோடியில, வாசக்கதவாண்ட பெஞ்சுல குந்தினு இருக்கறவருதான். நீங்க வணக்கம் சொல்லியும் கண்டுக்கலன்னு தப்பா எடுத்துக்காதீங்க. காது போச்சு. டேனரில தோல் சீவற மிஷின்லயே காலம் பூரா நின்னாரு. மிஷின் இன்னிக்கும் ஜம்முனு ஓடுது. காதுல வெக்கிறதா? எங்க பொண்ணு உமைமா வாங்கிக் குடுத்தா. வெச்சுக்கினா குக்கர் சத்தமும் என் சத்தமும் ஒரே மாதிரி கேக்குதாம். ரெண்டுல எத எறக்கி வெக்கிறதுன்னே தெரியலன்னு கழட்டி அலமாரில போட்டுட்டாரு.

வீட்ல எல்லாம் கையாலதான். சோறு. தண்ணி. லைட்ட அணைங்க. அதுக்கு மேல கையால இன்னா சொல்றது? சம்பந்தி வீட்டு வம்ப கையால சொல்லிப் பாருங்க, சுளுக்கிக்கும்.

அப்புறம் ஒரு நாளு எங்க ஆடு இங்க பூந்துடுச்சு. வாசலாண்ட கல்லுத் தொட்டி இருக்குதில்ல, கொழந்தைக்கு ஞானஸ்நானம் குடுக்கறது, அதுல தேங்கின மழத்தண்ணிய குடிச்சினு இருந்துச்சு. ஆடு இப்ப எந்த மதம்னு நான் கேக்கல. தொரத்தினேன், நேரா இந்த வளைவுல வந்து நின்னுச்சு. எனக்கோ மூச்சு வாங்குது, கத்தறதுக்குத் தெம்பில்ல. மெதுவாத்தான் சொன்னேன், திங்கத் தெரியுது, குடிக்கத் தெரியுது, கூப்ட்டா மட்டும் திரும்பத் தெரியல, கெழட்டு மூதேவின்னு. அந்தக் கோடியில ஆட்டுக்குக் கயிறு எடுத்துனு வந்து நின்ன மனுஷன் சொல்றாரு, இன்னாத்துக்குடி இப்ப என்னத் திட்டறன்னு.

ஆடே திரும்பிப் பாத்துச்சு சார்.

அப்புறம்தான் ரெண்டு பேரும் நின்னு நின்னு பாத்தோம். இந்த வளைவு பாதியா வெட்டின சட்டி மாதிரி இல்ல? அங்க வாசக்கதவாண்ட, மணிக்கூண்டுக்குக் கீழயும் அதே மாதிரி ஒண்ணு இருக்குது, அவரு பெஞ்சு அதுக்குள்ளதான். இங்க சொல்றத இந்தச் சட்டி அள்ளிக்கினு போயி அவரு காதுல கொட்டுது. தள்ளி நின்னா ஒண்ணும் கேக்காது. அந்த ஒடஞ்ச கல்லு மேல நின்னாதான். பாதிரி வேணும்னு செஞ்சாரா, தப்பா கட்டினாரா, யாருக்குத் தெரியும். கூரையப் பாத்தா தப்பாத்தான் இருக்கணும்.

இப்ப ஞாயித்துக்கெழம தவறாம சர்ச்சுக்கு வர்ற முஸ்லிம்ங்க நாங்க ரெண்டு பேருதான். வாரம் பூரா சேத்து வெச்சத இங்க வந்துதான் திட்டறது. அவரும் சும்மா இல்ல, பதிலுக்குப் பதில். உமைமா மாசமா இருக்கான்னு இங்க நின்னுதான் சொன்னேன். அத வீட்லயே கையால சொல்லிப் பாத்தேன், வயித்தக் காட்டினேன். பசிக்குதான்னாரு.

அவருக்கா? தெரியாது. தண்ணி டேங்கு வெக்க அளக்க வந்திருக்கீங்கன்னு கையாட்டி வெச்சிருக்கேன். நீங்க என்னடான்னா போன்ல லாரி, இடிக்கணும்னு பேசிக்கினே நேரா அந்தக் கல்லாண்ட வர்றீங்க. அதான் பதறிட்டேன்.

சரி சார். உங்களச் சொல்லி இன்னா, உங்க வேல. பிரஷ்ஷ எடுத்துக்கோங்க. வாங்க, இப்ப அந்தக் கல்லு மேல ஏறுங்க. ஆடாது சார், அது சும்மா சொன்னது. நீங்களே அவரு கிட்ட சொல்லிடுங்க, எனக்கு வாய் வரல. கத்த வேணாம், இவ்ளோ நேரம் என்கிட்ட பேசின மாதிரி பேசினாப் போதும். மொதல்ல சலாம் சொல்லுங்க, இல்லன்னா ரோஷம் வந்துடும்.

பாருங்க, நீங்க ஏறினதுமே நிமிந்து குந்திட்டாரு. சொல்லுங்க.